இயக்கத்தைப் புரிந்துகொள்வது எப்படி? பள்ளி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பந்தை நேராக மேலே வீசுகிறீர்கள். உச்சிக்குப் போனதும் அது ஒரு கணம் நின்று, பிறகு கீழே இறங்குகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் பந்தின் முடுக்கம் எவ்வளவு?

"பூஜ்ஜியம்" என்று தோன்றினால் கவலை வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது தவறு. சரியான விடை, கீழ்நோக்கி 9.8 மீ/வி². பந்து கையை விட்டுப் பிரிந்தது முதல் தரையைத் தொடும்வரை இந்த அளவு மாறுவதே இல்லை, உச்சியிலும் இதேதான்.

இந்த விடை ஏன் சரி என்று மனம் ஒப்பும் அளவுக்குப் புரிந்துவிட்டால், இயக்கம் என்ற பாடத்தின் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் என்பது ஒன்று, வேகம் மாறும் வீதமான முடுக்கம் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிக் கணக்குகள் தப்பாகின்றன. நான் பள்ளியில் படித்தபோது மூன்று சமன்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டு, எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் தவித்தேன். சமன்பாட்டிலிருந்து தொடங்கியதுதான் பிழை. அதனால் இங்கே சமன்பாடுகள் ஆறாவது படியில்தான் வருகின்றன. அதற்கு முன்னால் உள்ளவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 1: எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

இதை உட்கார்ந்தபடி படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அசைகிறீர்களா, இல்லையா? நாற்காலியை வைத்துப் பார்த்தால் இல்லை. ஆனால் பூமி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் இருப்பவர் அந்தச் சுழற்சியால் வினாடிக்குச் சுமார் 465 மீட்டர் நகர்கிறார். பூமி சூரியனைச் சுற்றி வருவதையும் சேர்த்தால், நாம் எல்லோரும் வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம்.

இவற்றில் எது உண்மை? எல்லாமே. "ஒரு பொருள் நகர்கிறது" என்று மட்டும் சொன்னால் வாக்கியம் முழுமையாகவில்லை. "எதைப் பொறுத்து?" என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். நிலையத்தில் நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பினால், நம் ரயில்தான் கிளம்பிவிட்டதோ என்று ஒரு நொடி திகைக்கிறோமே, அதற்குக் காரணமும் இதுதான்.

எனவே எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் ஒரு கோடு போடுங்கள். அதில் ஒரு புள்ளியைப் பூஜ்ஜியம் என்று குறியுங்கள். எந்தத் திசை கூட்டல், எந்தத் திசை கழித்தல் என்று அம்புக்குறி போடுங்கள். இதற்குப் பத்து வினாடிதான் ஆகும். மேல்நோக்கிய திசை கூட்டல் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. கீழ்நோக்கிய திசையைக் கூட்டலாக எடுத்தாலும் பரவாயில்லை, விடை ஒன்றுதான். பாதி வழியில் மாற்றினால்தான் எல்லாம் கெடும்.

படி 2: தொலைவும் இடப்பெயர்ச்சியும்

இது எளிது, சீக்கிரம் பார்த்துவிடலாம். நடந்த வழியின் மொத்த நீளம் தொலைவு. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அதன் நீளமும் திசையும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி. 400 மீட்டர் ஓட்டப்பாதையை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்தவரின் தொலைவு 400 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். கிழக்கே 3 மீட்டரும் பிறகு வடக்கே 4 மீட்டரும் நடந்தால் தொலைவு 7 மீட்டர். இடப்பெயர்ச்சியோ வடகிழக்குப் பக்கமாக 5 மீட்டர். செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கம்தான் அது.

தொலைவு குறையவே குறையாது. இடப்பெயர்ச்சி கூடலாம், குறையலாம், கழித்தல் எண்ணாகவும் ஆகலாம்.

படி 3: வேகமும் திசைவேகமும்

தொலைவை நேரத்தால் வகுத்தால் வேகம். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் திசைவேகம். பெயரே சொல்கிறது, இதில் திசையும் அடக்கம்.

அலகு மாற்றத்தை இங்கேயே முடித்துவிடுவோம். ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 வினாடி. ஆகவே கி.மீ./மணியில் உள்ள எண்ணை 3.6 ஆல் வகுத்தால் மீ/வி கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் மற்ற விடைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

அடுத்து சராசரி. 2009இல் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் வினாடிக்கு 10.4 மீட்டர். ஆனால் அவர் வழி முழுக்க இந்த வேகத்தில் ஓடவில்லை. கிளம்பும்போது பூஜ்ஜியம். 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையிலான பகுதியைக் கடக்க 1.61 வினாடி எடுத்துக்கொண்டார், அதாவது வினாடிக்கு 12.4 மீட்டர். சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை ஏற்றமும் மறைந்திருக்கிறது.

அந்த 20 மீட்டரை 2 மீட்டராகக் குறைத்து, அதற்கு ஆன நேரத்தை அளந்தால்? பிறகு 2 சென்டிமீட்டர்? நேர இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால், சராசரி ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கிக்கொண்டே வரும். அதுதான் அந்தக் கணத்தின் வேகம். வண்டியின் வேகமானி காட்டுவது இதைத்தான். மேல்வகுப்பில் நுண்கணிதம் படிக்கும்போது இதே எண்ணம் திரும்ப வரும். அதை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் இது.

எல்லோரும் வழுக்கி விழும் ஒரு கணக்கு: ஒரு ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள். சராசரி வேகம் என்ன? 50 இல்லை. ஊர் 120 கிலோமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம். மொத்தம் 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், சராசரி 48. மெதுவான வேகத்தில் அதிக நேரம் செலவாவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். மொத்தத் தொலைவு, மொத்த நேரம், அவ்வளவுதான்.

படி 4: முடுக்கம்

இங்கே நிதானமாக நில்லுங்கள். பாடத்தின் மையம் இதுதான்.

திசைவேகம் எவ்வளவு மாறியது, அந்த மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது, இந்த இரண்டின் விகிதமே முடுக்கம். அலகு மீ/வி². வினாடியின் வர்க்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அதை இப்படி வாசியுங்கள்: "ஒவ்வொரு வினாடியும் திசைவேகத்தில் இவ்வளவு மீ/வி சேர்கிறது." முடுக்கம் 9.8 மீ/வி² என்றால், கையிலிருந்து நழுவிய கல் 1 வினாடி கழித்து 9.8 மீ/வி, 2 வினாடி கழித்து 19.6, 3 வினாடி கழித்து 29.4 என்று வேகம் பிடிக்கிறது. ஒவ்வொரு வினாடிக்கும் 9.8 சேர்ந்துகொண்டே போகிறது.

முடுக்கம் இருப்பதாலேயே பொருள் வேகமாகப் போகிறது என்று அர்த்தமில்லை. வானில் ஒரே சீராக மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கும் விமானத்துக்கு முடுக்கம் பூஜ்ஜியம். அப்போதுதான் கிளம்பி, நடப்பவரைவிட மெதுவாக உருளும் மிதிவண்டிக்கு முடுக்கம் உண்டு. எவ்வளவு வேகம் என்பது முடுக்கத்துக்குப் பொருட்டே இல்லை; எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் பொருட்டு.

மூன்று விதமாக முடுக்கம் ஏற்படலாம். வேகம் கூடலாம், குறையலாம், அல்லது வேகம் அப்படியே இருக்கத் திசை மட்டும் திரும்பலாம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வளைவில் ஒரே வேகத்தில் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறதல்லவா? வேகமானி முள் அசையாவிட்டாலும் திசைவேகம் மாறிவிட்டது என்பதை உடல் கண்டுபிடித்துவிடுகிறது.

அப்புறம் குறி. "கழித்தல் முடுக்கம் என்றால் வேகம் குறைகிறது" என்று எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். கழித்தல் குறி சொல்வது, நாம் கழித்தல் என்று குறித்த திசையில் முடுக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே. மேல்நோக்கியதைக் கூட்டல் என்று எடுத்தால், வீசிய பந்தின் முடுக்கம் எப்போதும் −9.8. மேலே போகும்போது அதனால் வேகம் குறைகிறது. கீழே வரும்போது அதே −9.8ஆல் வேகம் கூடுகிறது. சரியான விதி இது: திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி என்றால் வேகம் கூடும், எதிர்க்குறி என்றால் குறையும்.

இப்போது உச்சியில் நிற்கும் பந்துக்குத் திரும்புவோம். உச்சியை அடைவதற்கு 0.1 வினாடி முன்னால் அதன் திசைவேகம் +0.98 மீ/வி. உச்சியைத் தாண்டி 0.1 வினாடி கழித்து −0.98 மீ/வி. இடையில் உள்ள 0.2 வினாடியில் திசைவேகம் 1.96 குறைந்திருக்கிறது. 1.96ஐ 0.2 ஆல் வகுத்தால் 9.8. உச்சியில் திசைவேகம் பூஜ்ஜியத்தைக் கடந்துபோகிறது, ஆனால் மாறுவதை நிறுத்தவில்லை.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். உச்சியில் திசைவேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்வோம், அது அப்படியே நீடிக்கட்டும். திசைவேகம் பூஜ்ஜியம், அது மாறவும் போவதில்லை. அப்படியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும்! அது இறங்குகிறது என்பதே முடுக்கம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

படி 5: வரைபடத்தை வாசிப்பது

சமன்பாடுகளை மறந்தாலும் வரைபடம் கைகொடுக்கும். இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

நிலை–நேர வரைபடத்தில் கோட்டின் சாய்வு திசைவேகம். கோடு படுத்திருந்தால் பொருள் நிற்கிறது. நேராகச் சாய்ந்து ஏறினால் சீரான திசைவேகம். மேல்நோக்கி வளைந்தால் திசைவேகம் கூடுகிறது. திசைவேக–நேர வரைபடத்தில் சாய்வு முடுக்கம். கோட்டுக்கும் நேர அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. படுத்திருக்கும் கோடு முதல் வரைபடத்தில் "நிற்கிறது" என்கிறது, இரண்டாவதில் "ஒரே திசைவேகத்தில் போகிறது" என்கிறது. எனவே வரைபடத்தைப் பார்த்ததும் கோட்டைப் பார்க்காதீர்கள். முதலில் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பரப்பு எப்படி இடப்பெயர்ச்சி ஆகும்? வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 4 வினாடி போனால் வரைபடத்தில் 10 உயரம், 4 அகலம் கொண்ட ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் பரப்பு 40. போன தொலைவும் 40 மீட்டர். வேகம் மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பரப்பை மெல்லிய செவ்வகங்களாக நறுக்கிக் கூட்டலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கொண்டு ஓர் அழகான விஷயத்தைக் கண்டுபிடிக்கலாம். தாளை எடுத்து வரைந்து பாருங்கள். ஓய்வில் இருந்து சீரான முடுக்கத்தில் கிளம்பும் பொருளின் திசைவேக–நேர வரைபடம், பூஜ்ஜியத்திலிருந்து ஏறும் ஒரு நேர்கோடு. முதல் வினாடிக்குக் கீழே ஒரு சிறிய முக்கோணம். அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வினாடிக்குக் கீழே உள்ள பகுதியில் அதே அளவு முக்கோணங்கள் எத்தனை பொருந்தும்? மூன்று. மூன்றாவது வினாடியில் ஐந்து, நான்காவதில் ஏழு. ஆக, ஒவ்வொரு வினாடியிலும் கடக்கும் தொலைவு 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கிறது. கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16. அதாவது மொத்தத் தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது.

இந்த ஒற்றைப்படை விதியைத்தான் கலிலியோ கண்டறிந்தார். நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அவரிடம் துல்லியமான கடிகாரம் இல்லை. அதனால் சாய்பலகையில் வெண்கலக் குண்டை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார். நேரத்தை அளக்க, பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடைபோட்டார். அதிக எடை என்றால் அதிக நேரம். 1638இல் வெளியான தம் நூலில் இந்தச் சோதனையை விவரித்திருக்கிறார். உங்களிடம் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. நீளமான பலகையும் ஒரு கோலிக்குண்டும் கிடைத்தால் இதை ஒரு மாலையில் செய்து பார்த்துவிடலாம். பலகையை லேசாகத்தான் சாய்க்க வேண்டும். அதிகம் சாய்த்தால் கை கடிகாரத்தை அழுத்துவதற்குள் குண்டு கீழே போய்விடும்.

படி 6: மூன்று சமன்பாடுகள்

இப்போது சமன்பாடுகள். இவை வானத்திலிருந்து குதித்தவை அல்ல, மேலே பார்த்த வரைபடத்தை எண்களால் எழுதியவை.

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + (முடுக்கம் × நேரம்)

இது முடுக்கத்தின் விளக்கமேதான். வினாடிக்கு வினாடி சேர்ந்துகொண்டே போவதைக் கூட்டியிருக்கிறோம்.

இடப்பெயர்ச்சி = (தொடக்கத் திசைவேகம் × நேரம்) + ½ × முடுக்கம் × நேரம்²

வரைபடத்தின் பரப்பு இது. முதல் பகுதி கீழே உள்ள செவ்வகம், இரண்டாம் பகுதி அதன் மேல் உட்கார்ந்திருக்கும் முக்கோணம். அந்த ½ எங்கிருந்து வந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை; முக்கோணத்தின் பரப்பில் இருக்கும் ½தான் அது. கீழே விழும் கல் முதல் வினாடியின் முடிவில் 9.8 மீ/வி வேகத்தை எட்டியும், அந்த வினாடியில் 4.9 மீட்டர்தான் இறங்கியிருக்கும் என்பதற்கும் காரணம் இதே முக்கோணம்.

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + (2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி)

முதல் இரண்டையும் சேர்த்து நேரத்தை நீக்கினால் கிடைப்பது இது. நேரத்தைப் பற்றிய பேச்சே இல்லாத கணக்கு என்றால் இதை எடுங்கள். இறுதித் திசைவேகத்தைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் இரண்டாவது. இடப்பெயர்ச்சி இல்லையென்றால் முதலாவது. "எது இல்லை" என்று தேடுவதுதான் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் சுலபமான வழி.

ஒரு நிபந்தனை: முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் இவை செல்லும். போல்ட்டின் ஓட்டத்துக்கு இவற்றைப் போட முடியாது, அவருடைய முடுக்கம் வழி நெடுக மாறியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பந்தை மேல்நோக்கி 19.6 மீ/வி வேகத்தில் வீசுகிறோம். எப்போது கைக்குத் திரும்பும்? மேலே போகும் நேரம் தனி, இறங்கும் நேரம் தனி என்று பிரிக்க வேண்டியதே இல்லை. கைக்குத் திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். ஆகவே இரண்டாவது சமன்பாட்டில்,

0 = (19.6 × நேரம்) − (4.9 × நேரம்²)

நேரம் 4 வினாடி. குறிகளை ஒழுங்காகப் போட்டால் ஏற்றம், இறக்கம் இரண்டையும் ஒரே வரி பார்த்துக்கொள்கிறது. நேரம் 0 என்றும் ஒரு விடை வரும். வீசிய கணத்திலும் பந்து கையில்தானே இருந்தது!

அடுத்தது உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்கு. ஒரு வாகனம் பிரேக் பிடிக்கும்போது வினாடிக்கு 5 மீ/வி வீதம் வேகம் குறைகிறது என்று கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது 10 மீ/வி வேகத்தில் வந்தால் நிற்க எவ்வளவு தொலைவு வேண்டும்? மூன்றாவது சமன்பாடு: 0 = 100 − (10 × தொலைவு). விடை 10 மீட்டர். வேகம் இரண்டு மடங்காகி மணிக்கு 72 கிலோமீட்டர் ஆனால்? 0 = 400 − (10 × தொலைவு). விடை 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தொலைவு நான்கு மடங்கு. இதோடு, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆகிறது என்றால், அந்த ஒரு வினாடியில் முதல் வாகனம் 10 மீட்டரும் இரண்டாவது 20 மீட்டரும் குறையாத வேகத்தில் போய்விடும். மொத்தம் 20 மீட்டர், 60 மீட்டர். நாற்பது மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது என்றால் இந்த இரண்டு எண்களுக்கும் என்ன வேறுபாடு என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் வண்டி ஓட்டும் வயதை எட்டும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

படி 7: விழும் பொருள்கள்

கனமான பொருள் வேகமாக விழும் என்பது அரிஸ்டாட்டில் காலத்து எண்ணம். கல்லையும் காகிதத்தையும் ஒன்றாகப் போட்டால் அது உண்மை போலத்தான் தெரியும். காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கிவிட்டுப் போடுங்கள். எடை மாறவில்லை, ஆனால் இப்போது ஏறக்குறைய இரண்டும் ஒன்றாக விழும். காகிதத்தைத் தாமதப்படுத்தியது காற்று.

காற்றே இல்லாத இடத்தில்? 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் ஒரு பருந்தினப் பறவையின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தக் காட்சியின் பதிவு இன்றும் இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். இரண்டும் மெதுவாக இறங்குவதைக் கவனிக்கலாம். நிலவில் முடுக்கம் 1.6 மீ/வி² மட்டுமே.

வீட்டில் செய்ய ஒன்று. நண்பர் 30 சென்டிமீட்டர் அளவுகோலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். பூஜ்ஜியக் குறிக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். எந்தக் குறியில் பிடித்தீர்களோ அதுதான் அளவுகோல் விழுந்த தொலைவு. அது 10 சென்டிமீட்டர் என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.14 வினாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. இரண்டாவது சமன்பாட்டில் தொடக்கத் திசைவேகத்தைப் பூஜ்ஜியமாக வைத்து நீங்களே சரிபார்க்கலாம், தொலைவை மீட்டராக மாற்ற மறக்காமல் இருந்தால் போதும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். கடிகாரமே இல்லாமல் நேரத்தை அளந்திருக்கிறீர்கள்.

படி 8: ஏன் நகர்கிறது? அல்ல, ஏன் மாறுகிறது?

இதுவரை எப்படி நகர்கிறது என்று பார்த்தோம். காரணத்துக்கு வரும்போது பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி, "எது இதை நகர்த்துகிறது?" மேசையில் புத்தகத்தைத் தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. ஆகவே நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டும் என்றுதான் அனுபவம் சொல்கிறது. கலிலியோவும், 1687இல் தம் மூன்று விதிகளை வெளியிட்ட நியூட்டனும் கேள்வியையே மாற்றினார்கள். நகர்வதற்குக் காரணம் தேவையில்லை. நகர்வு மாறுவதற்குத்தான் காரணம் தேவை. புத்தகம் நின்றது விசை தீர்ந்துபோனதால் அல்ல. உராய்வு என்ற விசை அதை நிறுத்தியது.

உராய்வு இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அதை முன்னே தள்ள எந்த இயந்திரமும் ஓடவில்லை. போய்க்கொண்டிருப்பதால் போகிறது. பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் "தள்ளப்படுவதும்" இப்படித்தான். யாரும் தள்ளவில்லை, பேருந்து நின்றது, நாம் பழைய திசைவேகத்திலேயே தொடர்ந்தோம். இந்தப் பண்புக்கு நிலைமம் என்று பெயர், நியூட்டனின் முதல் விதி சொல்வதும் இதைத்தான்.

இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம். விசைக்கு எதிரே வேகம் இல்லை, முடுக்கம்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோகிராம் நிறைக்கு 1 மீ/வி² முடுக்கம் தரும் விசை 1 நியூட்டன். சுத்தியலும் இறகும் நிலவில் ஏன் ஒன்றாக விழுந்தன என்பதும் இங்கே விளங்கிவிடும். பத்து மடங்கு நிறை உள்ள பொருளைப் பத்து மடங்கு விசையோடு நிலவு இழுக்கிறது, ஆனால் அதை முடுக்கப் பத்து மடங்கு விசை தேவைப்படுகிறது. இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

இதே விதியை வேறு விதமாக எழுதினால், உந்தம், அதாவது நிறையும் திசைவேகமும் பெருக்கியது, மாறும் வீதமே விசை. 0.15 கிலோகிராம் பந்து 20 மீ/வி வேகத்தில் வருகிறது. கையை விறைப்பாக வைத்து 0.02 வினாடியில் நிறுத்தினால் கை தாங்கும் விசை 150 நியூட்டன். கையைப் பின்னால் இழுத்தபடி 0.1 வினாடியில் நிறுத்தினால் 30 நியூட்டன்தான். உந்த மாற்றம் ஒன்றுதான், நேரம் நீண்டதால் வலி குறைந்தது.

மூன்றாம் விதியைச் சொல்லத் தெரியாத மாணவர் இல்லை. சரியாகப் பயன்படுத்துபவர்தான் குறைவு. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு, சரி. அப்படியானால் இரண்டும் சேர்ந்து ரத்தாகி எதுவுமே நகரக் கூடாதே? ரத்தாவதில்லை, ஏனென்றால் அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படுகின்றன. மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் பூமி கீழே இழுக்கிறது. இதன் இணை எது? "மேசை மேல்நோக்கித் தாங்குவது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அந்த இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுபவை. உண்மையான இணை, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுப்பது. "இது அதைத் தள்ளுகிறது" என்ற வாக்கியத்தில் இது, அது இரண்டையும் இடம் மாற்றுங்கள், இணை கிடைத்துவிடும். ராக்கெட் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. இதில் காற்றுக்கு வேலையே இல்லை, அதனால்தான் வெற்றிடத்திலும் ராக்கெட் பறக்கிறது.

படி 9: வட்டப் பாதை

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் வேகம் மாறாவிட்டாலும் திசை ஒவ்வொரு கணமும் திரும்புகிறது. ஆகவே முடுக்கம் உண்டு, அது மையத்தை நோக்கி இருக்கும். அளவு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது. கயிறு அறுந்தால் கல் மையத்திலிருந்து நேர் வெளியே தெறிக்காது. அறுந்த கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே தொடுகோட்டில் நேராகப் போகும். முதல் விதி.

நிலவுக்குக் கயிறு பூமியின் ஈர்ப்பு. நிலவு பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் அங்கே முடுக்கம் 9.8ஐ 3600ஆல் வகுத்த அளவு, அதாவது 0.0027 மீ/வி². இரண்டாவது சமன்பாட்டில் போடுங்கள்: ஒரு வினாடியில் நிலவு பூமியை நோக்கி ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. அதே வினாடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு கிலோமீட்டரில் அதன் வட்டப் பாதை நேர்கோட்டிலிருந்து எவ்வளவு வளைய வேண்டுமோ, அதே 1.4 மில்லிமீட்டர்தான் அது விழுந்த தொலைவும். பூமியிலிருந்து நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 27.3 நாள். வேகத்தைக் கண்டுபிடித்து, அதன் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து, 0.0027 வருகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.